கை அழுக்கு

சென்ற தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலையில் ஓய்வு பெற்ற ஒரு பெரிய உத்தியோகஸ்தர். என் கதைகளைப் படிக்கிறவர். படிப்பதோடு நிற்காமல் அபிப்பிராயமும் சொல்கிறவர். சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த என் கையை அவர் சற்று நேரம் பார்த்தார். நகக்கண்களில் கறுப்பாக கிரீஸ். நானும் சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஜீப்பின் கறை ஒரு நாளில் போகிற கறை அல்ல.

"என்ன சார் இது! இன்னும் அந்த ஓட்டை ஜீப்புக்கு அடியில்தான் படுத்துக் கிடக்கிறீர்களா?" என்றார். "ஒரு மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு நீங்கள் நாலு பக்கம் எழுதினால் ஊருக்குப் பிரயோஜனம். அவனவன் வேலையை அவனவன் பார்க்கவேண்டும், இல்லையா?"

கல்யாண வீட்டில் யாருடனும் சண்டைக்குப் போகக்கூடாது என்று என் மனைவி வரும்போதே சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். ஆகவே சிரித்துவைத்தேன். இலையோடு சேர்த்து மடித்து வைத்துவிட்டு வந்த பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

"அவனவன் வேலை" என்ற இந்த வார்த்தை இருக்கிறதே, இது கேட்பதற்கு நியாயம்போல இருக்கும். இதற்குள் ஒளிந்திருப்பது நியாயம் அல்ல, அருவருப்பு. எழுதுகிற கை மேலானது, எண்ணெய் பட்ட கை கீழானது என்ற பழைய கணக்குத்தான் அது. இதே பெரியவர், அமெரிக்காவில் இருக்கும் தம் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு வேலியைத் தானே செப்பனிட்டு, தானே வர்ணம் அடிப்பதைப் புகைப்படத்தில் காட்டி ஒரு காலத்தில் என்னிடம் பூரித்துப் போனவர். அங்கே செய்தால் நாகரிகம். இங்கே நாமக்கல்லில் செய்தால் கிறுக்கு! நாமக்கல்லையா சொல்கிறேன்? ஆமாம். லாரிகளுக்குக் கூண்டு கட்டி இந்தியா முழுவதற்கும் அனுப்புகிற ஊர். தெருவுக்குத் தெரு வெல்டிங் பொறி பறக்கிற ஊர். அந்த ஊரிலேயே சட்டைக் காலர் வெள்ளையாக உள்ளவன் ஸ்பானரைத் தொட்டால் தலைகுனிவு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், மற்ற ஊர்களைப் பற்றிக் கேட்பானேன்!

என்னுடையது 1974-ல் முதன்முதலாகப் பதிவான ஒரு சி.ஜே. 3பி ஜீப். அமெரிக்காவில் டொலிடோ நகரத்து வில்லிஸ் கம்பெனி 1953-ல் செய்யத் தொடங்கி 1968-ல் நிறுத்திவிட்ட அமைப்பு அது. அங்கே நிறுத்திய பிறகும் இங்கே மகீந்திரா கம்பெனியார் அதைப் பல வருஷம் செய்துகொண்டிருந்தார்கள். (அந்தக் கம்பெனியின் கதையே ஒரு நாவலுக்குப் போதும். 1945-ல் 'மகீந்திரா அண்டு முகம்மது' என்று தொடங்கியது. கூட்டாளியான குலாம் முகம்மது 1947-ல் பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதி மந்திரியானார். பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். இங்கே பெயர்ப் பலகையில் முகம்மது போய் இன்னொரு மகீந்திரா வந்தது.)

அந்த ஜீப்பின் தாத்தா யுத்தத்தில் பிறந்தவர். 1940-ல் அமெரிக்க ராணுவம் தனக்கு ஒரு சின்ன வண்டி வேண்டும் என்று கேட்டது. மாதிரி வண்டிக்குக் கொடுத்த கெடு 49 நாள். பான்டம் என்ற சிறு கம்பெனி ஒன்றுதான் அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்தது. பிறகு வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. வில்லிஸில் செய்த உறுப்பு ஃபோர்டில் செய்த வண்டிக்குப் பொருந்தவேண்டும் என்பது நிபந்தனை. ஏன்? பாலைவனத்திலோ பர்மாக் காட்டிலோ ஒரு வண்டி படுத்துவிட்டால், செத்துக் கிடக்கும் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றி மாட்டிக்கொண்டு போகவேண்டும். கழற்றுகிறவன் யார்? கம்பெனி மெக்கானிக்கா அங்கே வந்து நிற்பான்? அதை ஓட்டி வந்த சிப்பாய்தான். அமெரிக்கப் படையில் வண்டிப் பராமரிப்பை ஐந்து படிகளாகப் பிரித்திருந்தார்கள். முதல் படியில் நின்றவன் டிரைவர். 1944-ல் அந்த நாட்டு யுத்த இலாகா அச்சிட்ட டி.எம். 9-803 என்ற ஜீப் கையேடு, டிரைவர் எதை எதைப் பார்க்கவேண்டும், எப்போது பார்க்கவேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போகிறது.

ஆகவே, ஐயா, இந்த வண்டியைப் பொறுத்தவரை "அவனவன் வேலை" என்று பார்த்தாலும் அது என் வேலைதான். ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று செய்யப்பட்ட வண்டி அல்ல இது.

தெரியாமல் தொட்டால் என்ன ஆகும் என்பதையும் இந்த வண்டியே சொல்லிக் கொடுக்கும். வில்லிஸ் வழி வந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கத்துச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மரை எதிர்த்திசையில் ஓடும். சக்கரம் சுழல்கிற வேகத்தில் நட்டு தளர்ந்துவிடக்கூடாது என்பதற்காக அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடு. எனக்கு அது தெரியாது. ஜீப் வாங்கிய முதல் வாரம், இடது முன் சக்கரத்தைக் கழற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஸ்பானர் மேல் ஏறி நின்று இறுக்கினேன். இரண்டு போல்ட்டுகள் முறிந்தன. மூன்றாவது நட்டில் ஏறும்போது எதிர்வீட்டு லாரி டிரைவர் ஓடி வந்து, "ஏனுங்க, உங்களுக்கு மரை கழண்டு போச்சா? அது இடது மரைங்க!" என்றார். என் வாழ்க்கையில் யாரும் எனக்குச் சொன்ன விமரிசனங்களில் அதைவிடப் பொருத்தமான ஒன்று இதுவரை வந்ததில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் கனமானது. என்னைப் போன்றவர்கள் தாங்களே ரிப்பேர் செய்துகொண்டால் மெக்கானிக்குகளின் பிழைப்பு என்ன ஆவது என்பது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெக்கானிக்கிடம் கூலிக்குப் பேரம் பேசுகிறவர்கள் என்பது என் அனுபவம், போகட்டும். என் கணக்கைச் சொல்கிறேன். டிபரன்ஷியலை நான் தொடமாட்டேன். அதிலுள்ள பல் சக்கரங்கள் ஒன்றை ஒன்று கவ்வுவதைச் சரியாக வைக்க என்னிடம் கருவியும் இல்லை, காதும் இல்லை. கியர் பெட்டியை இறக்கமாட்டேன். லேத் வேலை லேத்காரருக்கு, வெல்டிங் வெல்டருக்கு. நான் செய்வது கிரீஸ் அடிப்பது, ஆயில் மாற்றுவது, பிளாட்டினம் பாயிண்ட் வைப்பது, கிங்பின் ஆட்டம் பார்ப்பது, பிரேக் பார்ப்பது. இதனால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்கவில்லை. மாறாக, ஜீப்பில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரிந்த பிறகுதான் மெக்கானிக்கோடு நான் மனிதனும் மனிதனுமாகப் பேசுகிறேன். அதற்கு முன்பு, வைத்தியர் முன் நிற்கும் நோயாளியாகத்தான் நின்றேன்.

மூன்றாவது ஆட்சேபம் உயிரைப் பற்றியது. இதற்கு மட்டும் என்னால் வாய்வீச்சில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் இந்த ஆட்சேபத்தை எழுப்புகிறவன் என் மைத்துனன். அவனுக்கு அதற்கான உரிமை இருக்கிறது.

2013-ல் நடந்தது. ஜீப்பின் முன் சக்கரங்கள் இரண்டிலும் பிரேக் கசிந்தது. டிரம்முக்குள்ளே வீல் சிலிண்டர் என்று ஒன்று உண்டு. நாம் மிதியை அழுத்தும்போது வருகிற பிரேக் ஆயில் அதற்குள்ளே ரப்பர்க் கிண்ணங்களைத் தள்ளி, அவை பிரேக் ஷூவைத் தள்ளி, ஷூ டிரம்மைப் பிடிக்கும். அந்த ரப்பர்கள் தேய்ந்திருந்தன. புதிது வாங்கி வந்து நானே மாட்டினேன். மாட்டுவதற்கு முன் சிலிண்டரையும் ரப்பரையும் நன்றாகச் சுத்தம் செய்யவேண்டும் என்று எண்ணிப் பெட்ரோலில் கழுவினேன். வழுவழுவென்று போகட்டும் என்று விரலால் கொஞ்சம் கிரீஸும் தடவினேன். எவ்வளவு அக்கறை, பாருங்கள்! அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

மூன்று நாள் ஊருக்குள் ஓட்டினேன். பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. நாலாம் நாள் நானும் மைத்துனனும் கொல்லிமலைக்குப் போனோம். மேலே சந்தையில் அன்னாசிப் பழம் ஒரு மூட்டை வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டு இறங்கினோம். அந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவுகள் தாண்டியிருக்கும். ஏதோ கருகுகிற வாசனை வந்தது. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. "அவன் பிரேக்கைத் தீய்க்கிறான்" என்று மைத்துனனிடம் சொன்னேன். அடுத்த வளைவுக்கு முன் மிதியை அழுத்தினேன். அது எதிர்ப்பே இல்லாமல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது.

கைப்பிரேக்கை இழுத்தேன். ஜீப்பில் கைப்பிரேக் சக்கரத்தில் இருப்பதில்லை. கியர் பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டின்மேல் தனியாக ஒரு டிரம்மில் இருக்கும். அங்கே பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து லைனிங் ஊறிக் கிடந்தது. அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே தள்ளி வைத்திருந்த வேலை. வேகம் குறைந்தது, நிற்கவில்லை. கியரை முதலுக்குத் தள்ளிவிட்டு, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்துப் பாறையோடு வண்டியை உரசவிட்டேன். ஜீப் நின்றது. உரசியது இடது பக்கம். மைத்துனன் உட்கார்ந்திருந்ததும் இடது பக்கம். காறை எலும்பு முறிந்து, தோளும் விலகியது. கல்லூரி அணியில் வாலிபால் ஆடியவன் அவன். இன்றைக்கும் இடது கையைத் தோளுக்குமேல் முழுதாகத் தூக்க முடியாது.

"மாமா, நீங்க பேனாவுக்கு இங்க் ஊத்துங்க; பிரேக்குக்கு ஆயில் ஊத்தாதீங்க" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதன் பிறகு என் ஜீப்பில் அவன் ஏறவில்லை.

ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருந்தார். நாங்கள் பாய் என்போம். ஜீப் வேலையில் கை தேர்ந்தவர். வண்டியைக் கட்டி இழுத்துவந்து அவர் முன்னால் விட்டேன். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரைப் பிரித்து, ரப்பர்க் கிண்ணத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது ஊறிப்போன பட்டாணிபோல உப்பியிருந்தது.

"பெட்ரோல்ல கழுவினீங்களா, தம்பி?"

"ஆமாம், பாய்."

"கிரீஸும் போட்டீங்களா?"

நான் பேசவில்லை. பெட்ரோலும் சாதாரண கிரீஸும் பட்டால் அந்த ரப்பர் வீங்கும். வீங்கின ரப்பர் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும்; மிதியிலிருந்து காலை எடுத்தாலும் ஷூ திரும்பி வராது. வராத ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். உரசலில் சூடு, சூட்டில் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும். எண்ணெயை அழுத்தினால் அது தள்ளும். ஆவியை அழுத்தினால் சுருங்கும். மிதி தரைக்குப் போவது அதனால்தான். "பிரேக் சாமானைப் பிரேக் ஆயில்லதான் கழுவணும், தம்பி" என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார் பாய். ஒரு டம்ளர் ஆயில் விலையில் ஒரு மனிதனின் தோள் தப்பியிருக்கும்.

இவ்வளவு ஆன பிறகும் தானே ரிப்பேர் செய்வதற்கு வக்காலத்து வாங்குகிறானே என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டும். என் பதில் இதுதான்: என் குற்றம் என் கையால் செய்தது அல்ல, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளாமல் செய்தது. இந்தக் குற்றத்தைச் செய்ய மெக்கானிக்காக இல்லாமல் இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை. சாட்சிக்கு இன்னொரு சம்பவம். விபத்துக்குப் பிறகு ஒரு வருஷம் நான் ஜீப்பைத் தொடவில்லை. பாய்க்கும் உடம்பு சரியில்லை. பெரிய வொர்க்‌ஷாப் ஒன்றில் (பெயர் வேண்டாம்) பணத்தைக் கட்டி முன் சக்கர பேரிங் மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டதாகப் பில் வந்தது. ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு சந்தேகத்தில் நானே சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங்கை இறுக்கும் நட்டுக்குமேல் ஒரு பூட்டு வாஷர் உண்டு. அதன் காதை நட்டின்மேல் மடித்துவிடவேண்டும், அதுதான் நட்டு சுழன்று வெளியே வராமல் காக்கும். காது மடிக்கப்படவே இல்லை. நட்டு கையாலேயே திரும்பியது. இன்னும் கொஞ்ச நாளில் சக்கரம் எனக்கு முன்னால் தனியாகப் போயிருக்கும். பில்லில் வரியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள்.

அன்றைக்குத்தான் மறுபடி ஸ்பானரை எடுத்தேன். இந்த முறை பாயைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக்கொண்டு எடுத்தேன். இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் சொல்ல நான் செய்தேன். செய்ததில் முக்கியமானது, பழைய மாஸ்டர் சிலிண்டரைத் தூக்கிவிட்டு இரட்டை மாஸ்டர் சிலிண்டர் வைத்தது. பழைய ஜீப்பில் டிரைவரின் காலுக்கடியில், தளத்துக்குக் கீழே ஒரே ஒரு சிலிண்டர். நாலு சக்கரத்துக்கும் அதுவே தாய். எங்கே ஓட்டை விழுந்தாலும் நாலும் போய்விடும். இரட்டைச் சிலிண்டரில் முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை. ஒன்று போனால் ஒன்று நிற்கும். அமெரிக்காவில் 1968-லிருந்தே புதிய கார்களுக்கு இது கட்டாயம். கொல்லிமலையில் அன்று கொதித்தது முன் சக்கரத்து ஆயில் மட்டும்தான். இரட்டைச் சிலிண்டர் இருந்திருந்தால் பின் சக்கரங்கள் பிடித்திருக்கும். துவாரத்தின் விட்டம் பொருந்தாவிட்டால் மிதி கல்லாகிவிடும், அல்லது பஞ்சாகிவிடும் என்று, பாய் மூன்று சிலிண்டர்களை அளந்து பார்த்துவிட்டு நாலாவதைத்தான் சம்மதித்தார்.

இப்போது சர்க்காரிடம் வருகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்திலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி யாரும் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தி, நிபந்தனைகளுக்கு உட்பட்ட சில மாற்றங்களுக்கு வழியும் வைத்தார்கள். இந்தச் சட்டத்தை நான் எதிர்க்கவில்லை. என்ஜினை மாற்றுகிறவன், சேஸியை அறுத்து நீட்டுகிறவன் எல்லாம் கேள்வி கேட்பாரில்லாமல் சாலையில் வரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நான் கேட்பது வேறு. சொந்த வண்டிக்கு முதல் 15 வருஷம் பதிவு. அதன் பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிப்பு. ஐந்து வருஷத்தில் ஒரு நாள் அதிகாரி வண்டியைப் பார்க்கிறார். அந்த அதிகாரிக்கு நம் ஊரில் ஜனங்கள் வைத்த பெயர் 'பிரேக் இன்ஸ்பெக்டர்.' என்ன அழகான பெயர்! என் ஜீப்பைப் பார்த்த ஒருவர் விளக்கைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார், சேஸி எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். பிரேக்கை அழுத்திப் பார்க்கவில்லை. மீதி ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் நாட்கள் அந்த வண்டியின் அடியில் குனிந்து பார்க்கப் போகிறவன் யார்? உடையவன்தானே! அவனுக்குக் குனியத் தெரியவேண்டாமா?

கட்டணம் மட்டும் தவறாமல் ஏறுகிறது. 15 வருஷம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பழைய வண்டி ஊருக்குக் கேடு, உடைத்துப் போடு என்பது உள்ளர்த்தம். புகையைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. என் ஜீப்பின் புகையைப் பற்றி நான் பெருமை பேச மாட்டேன். ஆனால் மாதம் இருநூறு மைல் ஓடும் பழைய ஜீப்புக்கும் தினம் இருநூறு மைல் ஓடும் வண்டிக்கும் வயசை மட்டும் வைத்து நியாயம் சொல்வது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

அதைவிட வேடிக்கை 2021-ல் வந்த விதி. 50 வருஷம் தாண்டிய வண்டிக்குப் 'புராதன வாகனம்' என்று தனி மரியாதை, தனி நம்பர். என் ஜீப்புக்கு 2024-ல் ஐம்பது முடிந்தது. சஷ்டியப்த பூர்த்திக்கு முன்னேற்பாடாக ஏதாவது செய்யலாம் என்று விதியை வாங்கிப் படித்தேன். அந்த நம்பர் வாங்கிவிட்டால் வண்டி கண்காட்சிக்குப் போகலாம், ஊர்வலப் பந்தயத்துக்குப் போகலாம், அதற்கு வேண்டி பெட்ரோல் போடப் போகலாம், பழுதுபார்க்கப் போகலாம். சாதாரணமாக அன்றாடம் ஓட்டக்கூடாது. அதாவது, ரிப்பேருக்குப் போகலாம், சந்தைக்குப் போகக்கூடாது! உழைக்கிற கிழவனுக்குச் சோறு இல்லை, உழைப்பை நிறுத்திவிட்டால் பொன்னாடை உண்டு என்பதுபோல இருக்கிறது. நான் விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டேன்.

என் கட்சிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு இதுவரை தலையாட்டிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்தை இனிக் கொஞ்சம் கவனிக்கவேண்டும். பழைய ஜீப்பை வாங்கி 'மேம்படுத்துகிறவர்கள்.' இவர்களில் பலரை எனக்குப் பழக்கம். ஸ்பிரிங் பட்டைகளுக்கு அடியில் கட்டை கொடுத்து வண்டியை அரை அடி தூக்குகிறார்கள். டிராக்டருக்குப் போடுகிற மாதிரி டயர் மாட்டுகிறார்கள். கூரைமேல் வரிசையாக விளக்குகள். எதிரே வருகிற சைக்கிள்காரன் கண்ணை இழந்து வாய்க்காலில் இறங்கவேண்டியதுதான். இந்த ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 80 அங்குலம். இவ்வளவு குட்டையான வண்டியைத் தூக்கினால் வளைவில் கவிழும் என்பது குழந்தைக்கும் தெரியும். கனத்த பெரிய சக்கரத்தை நிறுத்த அதிக பிரேக் வேண்டும். இவர்கள் சக்கரத்தை மாற்றுகிறார்கள், பிரேக்கை மாற்றுவதில்லை. ஸ்டியரிங்கில் நாலு விரல் ஆட்டம் இருக்கும்; கிங்பின் தேய்ந்து சக்கரம் சந்நதம் வந்ததுபோல நடுங்கும்; அதற்கு ஒரு மாலை நேரம் செலவிடமாட்டார்கள். யானைக்குச் சொறி, இவர்கள் கொலுசு வாங்கி மாட்டுகிறார்கள். அதிலும் தாங்களே ஒரு நட்டைத் திருப்புகிறார்களா என்றால், இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சட்டம் இறுகுவதற்கு இவர்களே காரணம். அதன் அடி விழுவது சிலிண்டர் மாற்றுகிறவன் தலையில்.

புதிய வண்டிகளைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அவற்றின் மூடியைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டுக்கடியில் கம்பெனியின் கம்ப்யூட்டரோடு மட்டும் பேசும் ஒரு பெட்டி. 2012-ல் அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து ஜனங்கள், காரை ரிப்பேர் செய்யவேண்டிய தகவல்களைக் கம்பெனிகள் வெளியே கொடுத்தாக வேண்டும் என்று ஓட்டுப் போட்டே சட்டம் கொண்டுவந்தார்கள். இங்கே 2022 ஜூலையில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா, ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமையை ஆராய ஒரு கமிட்டி போட்டது. கார், டிராக்டர், செல்போன் எல்லாம் அதில் அடக்கம். உரிமை வரட்டும், நல்லது. உரிமை வந்த பிறகும், கையில் அழுக்குப் பட்டால் கல்யாணப் பந்தியில் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிற ஜனங்களுக்கு அது எதற்குப் பயன்படும் என்பதுதான் என் கவலை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிரேக் ஆயில் மாற்றினேன். அது காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும்; ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும்; ஆகவே இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, கசிவு இருக்கிறதோ இல்லையோ, மாற்றிவிடுகிறேன். பழசை வெளியேற்றிப் புதிதை ஊற்றி, குழாய்களிலுள்ள காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்கவேண்டும். மற்றவர் சக்கரத்தருகே நிப்பிளைத் திறந்து, காற்றுக் குமிழி வருவதைப் பார்த்து, மூடவேண்டும். மூடுவதற்கு முன் மிதியை விட்டுவிட்டால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்து அருகிலுள்ளதற்கு வரவேண்டும். பாய் இருந்தவரை அவர் மிதிப்பார். இப்போது என் மகள் மிதிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

நான் பின் சக்கரத்துக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மைத்துனன். அக்காளைப் பார்க்க வந்தவன் உள்ளே போகாமல் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டான். நான் கவனிக்காததுபோல வேலையைப் பார்த்தேன்.

"அழுத்து" என்றேன். அழுத்தினாள். "பிடி." நிப்பிளைத் திறந்தேன். கண்ணாடிப் புட்டியில் குமிழிகள் வந்தன.

"அப்பா, கால் வலிக்குதுப்பா. விட்டுடட்டுமா?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மரத்தடியிலிருந்து குரல் வந்தது:

"விடாதே கண்ணு! மாமா மூடிட்டேன்னு சொல்ற வரைக்கும் விடாதே."